கார் வந்த தேசத்தில்

இந்தக் கோடை விடுமுறையில் நாமும் நம் மனைவியும் கொரியாவுக்குப் போய் வந்தோம். ஸ்ரீபெரும்புதூர்வாசிகள் கொரியாவுக்குப் போவதில் அதிசயமொன்றும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய்க் கம்பெனியின் முதல் கார் வெளிவந்தது முதல் கொரியர்கள் நமக்கு அண்டை வீட்டாராகி விட்டார்கள். சாப்பாட்டுக் கடைப் பலகைகளில் வட்டமும் கோடுமாக அவர்களுடைய எழுத்து தினந்தோறும் நம் கண்ணில் படுகிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் எப்பேர்ப்பட்ட கதை இருக்கிறது என்பதை ஸியோல் நகரில்தான் தெரிந்துகொண்டோம்.

முதலில் பார்த்தது கியோங்போக்குங் அரண்மனை. 1395-ல் கட்டப்பட்டது; 1592-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, சுமார் 270 வருஷம் பாழாய்க் கிடந்து, மறுபடியும் எழும்பியது. 1910-ல் கொரியாவை விழுங்கிய ஜப்பான், அரண்மனையின் முகப்பை மறைத்துத் தன் ஆட்சி மாளிகையை 1926-ல் கட்டி முடித்தது. விடுதலை பெற்று ஐம்பது வருஷம் நிறைந்த அன்று, அதாவது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி, அந்த மாளிகையின் உச்சியைக் கழற்றி இறக்கினார்கள். பிறகு முழுவதையும் இடித்துத் தீர்த்தார்கள். "நம்முடைய சுதந்திர தினமும் அதுதானே!" என்றாள் நம் மனைவி. தேதி ஒன்றுதான், அவர்களுக்கு 1945, நமக்கு 1947.

அரண்மனைக்கு எதிரே பொன்னிறத்தில் ஒரு சிலை, கையில் விரித்த புஸ்தகத்தோடு அமர்ந்திருக்கிறது. அவர்தான் ஸேஜோங் மகாராஜா. அக்காலத்தில் கொரியர்கள் சீன எழுத்தையே பயன்படுத்தினார்கள். அதைக் கற்கப் பாமர ஜனங்களுக்கு அவகாசம் ஏது? ஆகவே மகாராஜா 1443-ல் 28 எழுத்துக்களை வகுத்து, 1446-ல் வெளியிட்டார். 'ம' என்னும் ஒலிக்கு வாயின் வடிவம். 'ந' என்பதற்கு மேலண்ணத்தைத் தொடும் நாவின் வடிவம். உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரே கட்டாக நிற்கும். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது ஒரு விருந்து. படித்த பிரபுக்கள் பலர் ஆட்சேபித்தார்கள். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மேலேறி எல்லோருக்கும் மந்திரத்தை வாரி வழங்கினார் என்று நாம் போற்றும் இராமானுஜர் பிறந்த ஊர்க்காரர்களுக்கு மகாராஜாவின் மனசு புரியாமற் போகுமா?

நம்மை உருக்கிய இடம் பழைய ஸியோல் ரயில் நிலையம். ஜப்பானியர் ஆட்சியில் பள்ளிக்கூடங்களிலிருந்து கொரிய மொழி படிப்படியாக விரட்டப்பட்டது. அப்போது சில ஆசிரியர்களும் அறிஞர்களும் சேர்ந்து ஒரு பேரகராதி தொகுத்தார்கள். 1942-ல் அவர்களைக் கைது செய்தார்கள். இருவர் சிறையிலேயே உயிர் நீத்தனர். கையெழுத்துப் பிரதிகளும் மறைந்தன. விடுதலைக்குப் பின் 1945 செப்டம்பரில், அந்த ரயில் நிலையத்துக் கிடங்கில் அவை கிடைத்தன! 1947-ல் முதற் பாகம் வந்தது. 1957-ல் ஆறு பாகங்களும் நிறைவு பெற்றன. சொற்களைத் தொகுத்ததற்காகச் சிறையில் மாண்டவர்களை நினைத்துச் சற்று நேரம் பேசாமல் நின்றோம்.

பிறகு தெற்கே கியோங்ஜு. அங்கே மலைமேல் ஸொக்குராம் குகை. மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்தார்கள்; இங்கே கருங்கற்களை அடுக்கியே குகை கட்டியிருக்கிறார்கள். 8-ஆம் நூற்றாண்டு வேலை. உள்ளே சுமார் 11 அடி உயரப் புத்தர் கீழ்க்கடலை நோக்கி வீற்றிருக்கிறார். அதே நூற்றாண்டில் இந்தத் தேசத்து ஹ்யேச்சோ என்ற பிக்ஷு, தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்ற வஜ்ரபோதியிடம் பயின்று, கடல் கடந்து இந்தியாவுக்கு யாத்திரை வந்தார். காருக்கு முன்னாலேயே சிநேகம் உண்டு போலும்! மடத்துச் சமையலில் வெங்காயமும் பூண்டும் கிடையாது என்று அறிந்ததும், புளிக்காய்ச்சல் பாட்டிலோடு புறப்பட்டிருந்த நம் மனைவி, அதை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

கடைசியாக உல்ஸான். 1962-ல் தொழில் நகரமாக வகுக்கப்படும்வரை அது சாதாரணக் கடற்கரை ஊர். இன்று அங்கே உள்ள ஹூண்டாய்த் தொழிற்சாலை உலகத்தின் மிகப் பெரிய கார்த் தொழிற்சாலைகளுள் ஒன்று. கார்களைக் கப்பலில் ஏற்றச் சொந்தத் துறையே இருக்கிறது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் பெற்றோர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "சார், தமிழில் படித்தால் ஒரகடம் கம்பெனிகளில் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?" அந்தக் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. இங்கிலீஷும் வேண்டியதுதான், கொரியப் பிள்ளைகளும் அதை விழுந்து விழுந்து படிக்கிறார்கள். ஆனால் கணக்கும் விஞ்ஞானமும் பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் கற்றவர்கள்தாம் உல்ஸானில் கார் செய்து நமக்கும் அனுப்பினார்கள். தொழிற்சாலையின் வாசலில் வேலை கேட்டு நிற்பது ஒரு நிலை. தொழிற்சாலையையே நிர்மாணிப்பது மற்றொரு நிலை. இரண்டாவதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய விரும்புகிறவர்கள், தாய்மொழியைத் தடையென்று எண்ண வேண்டியதில்லை.