ஆளைப் போட்டா முடிஞ்சிருமா?

ஒரு ப்ராஜெக்ட் தேதிக்குள் முடியாது என்று தெரிந்ததும் மேனேஜர்கள் கேட்கும் முதல் கேள்வி: "இன்னும் நாலு ரிசோர்ஸ் போடலாமா?" ரிசோர்ஸ் என்றால் ஆள்தான். ஆள் என்று சொன்னால் அவருக்குத் தூக்கம், வீடு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை எல்லாம் உண்டு என்பது ஞாபகம் வந்துவிடுமே.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருந்தேன். காப்பீட்டு க்ளைம்களைக் கையாளும் மென்பொருள், ஐந்து பேர் டீம். டெலிவரிக்கு ஆறு வாரம் இருக்கும்போது புதிதாக நான்கு பேரை இறக்கினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? வேலை தெரிந்த ரெண்டே பேர், அதில் நான் ஒருத்தன். பகலில் வாத்தியார் வேலை, ராத்திரியில் சொந்த வேலை. ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பேச 10 ஜோடி. ஒன்பது பேர் என்றால் 36. கூட்டம் போட்டே நாள் போனது.

"எங்க ஊர்ல நடவுக்கு இருபது பேர் இறங்கினா மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்பா" என்றார் மேனேஜர். தஞ்சாவூர்க்காரர். முடியும் சார். வயலை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொள்ளலாம். நான் நட்ட நாற்று உங்கள் நாற்றைப் பிடுங்கிப் போடாது. நான் மாற்றிய ஒரு வரி, நாலு பேர் எழுதி முடித்ததை உடைக்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், அதில் பட்டதை வைத்து 1975இல் 'தி மித்திக்கல் மேன்-மன்த்' எழுதினார். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதில் வருகிறது. நாங்கள் கல்லூரியில் அதைப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறோம், மேனேஜர் உட்பட.

பத்து வாரம் தள்ளி முடித்தோம். பிறகு 'கற்ற பாடங்கள்' கூட்டம், எக்செல் ஃபைல், சமோசா. 'தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும்' என்று எழுதினார்கள். எழுதப்போகிற ஒருத்தரையும் கேட்காமல் வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்தது அந்த ஃபைலில் இல்லை. ஆள் சேர்ப்பதற்குப் பதிலாக, ரிப்போர்ட் பகுதியை அடுத்த டெலிவரிக்குத் தள்ளியிருந்தால் மிச்சம் ஒழுங்காகப் போயிருக்கும் என்பதும் இல்லை.

என்னையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரமே எனக்குத் தெரியும், இது ஆகாது என்று. ஆனாலும் வாரா வாரம் ஸ்டேட்டஸ் ஷீட்டில் பச்சை போட்டேன். அப்ரைசல் நெருங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு போட்டவனைத் தனியாகக் கூப்பிட்டு 'உனக்கு என்னப்பா பிரச்சினை?' என்று கேட்கிற இடத்தில் எவன் சிவப்பு போடுவான்? நான் போட்டிருக்க வேண்டும். போடாததால் அந்த நான்கு பிள்ளைகளும் ஆறு வாரம் ராத்திரி ஒரு மணி கேப்பில் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த ப்ராஜெக்டின் முதல் கூட்டத்தில், முதல் ஸ்லைடிலேயே தேதி இருந்தது. கையைத் தூக்கினேன். "இந்தத் தேதியை யார் கணக்குப் போட்டது சார்?"

லஞ்சுக்கு அப்புறம் பேசலாம் என்றார்.