ஒரு கடலுக்கு எத்தனை தளபதிகள்?

தம்பானூரில் உள்ள திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையிலான ரயில் போக்குவரத்து 2017 டிசம்பர் 7-ஆம் தேதி பல மணி நேரம் முடங்கியது. குழித்துறையில் ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பத்தினர் தண்டவாளத்தில் அமர்ந்திருந்தனர். ஒக்கி புயல் வீசி ஒரு வாரம் கழிந்த பின்னரும், ஆழ்கடலுக்குச் சென்ற பலர் கரை திரும்பவில்லை. தேடுதல் பணி தாமதமாகத் தொடங்கியது, மீனவர்கள் தொழில் செய்யும் தொலைவுக்கு அது எட்டவில்லை என்பதே அவர்களது குமுறல்.

அந்தத் தேடுதலில் கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல் படை ஆகிய மூன்றும் ஈடுபட்டன. கடலில் தேடுதல், மீட்புப் பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவல் படையிடம் இருக்கிறது. ஆனால், ஒருங்கிணைப்பது வேறு, ஆணையிடுவது வேறு. பிறருடைய கப்பலையும் விமானத்தையும் கேட்டுப் பெறும் அதிகாரி, அவை எப்போது வரும் என்பதற்கு உறுதி கூற முடியாது.

தென்கோடிக் கடலைப் பொறுத்தவரை இந்தக் குழப்பத்தின் வேர், தலைமையகங்களின் வரைபடத்திலேயே இருக்கிறது. ராணுவத்தின் தென் மண்டலத் தலைமையகம் புணேயில் உள்ளது. விமானப்படையின் தென் மண்டலத் தலைமையகம், 1984 ஜூலையில் தொடங்கப்பட்ட நாள்முதல் திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. தமிழகக் கடற்கரையைப் பார்த்துக்கொள்ளும் கிழக்குப் பிராந்தியக் கடற்படையின் தலைமையகம் விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. கேரளத்திலோ கொச்சியின் தெற்குப் பிராந்தியக் கடற்படை இருக்கிறது. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானப் பிரிவு அமைக்கப்பட்டது. அது பறக்க உத்தரவு தருவது திருவனந்தபுரம். அதே கடலில் செல்லும் போர்க்கப்பலுக்கு உத்தரவு தருவது விசாகப்பட்டினம். நாடு முழுவதும் இப்படித் தனித்தனியாக 17 தலைமையகங்கள் உள்ளன. மூன்று படைகளுக்கும் பொதுவானவை இரண்டே.

இந்த நிலையை மாற்றும் நோக்குடன்தான் முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவி உருவாக்கப்பட்டு, 2020 ஜனவரியில் ஜெனரல் விபின் ராவத் பொறுப்பேற்றார். 2021 டிசம்பரில் சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து அவர் உயிரிழந்தார். அவர் முன்னெடுத்த ஒருங்கிணைந்த போர்ப்பகுதித் தலைமையகத் திட்டத்தில், நாட்டின் கடற்பரப்பு முழுவதற்கும் ஒரே தலைமையகம் அமைப்பதும் அடங்கும். அதன் இருப்பிடமாகக் கார்வார், கோவை ஆகிய பெயர்கள் முதலில் அடிபட்டன. 2024-இல் வெளியான செய்திகள் திருவனந்தபுரத்தைச் சுட்டின.

இதை எந்த ஊருக்குக் கட்டடம் வரும் என்ற போட்டியாக மட்டும் பார்ப்பது தவறு. ஒரே தளபதி என்று காகிதத்தில் எழுதிவிட்டு, அதிகாரத்தைப் பங்கு போட்டால் என்ன நேரும் என்பதைத் தமிழர்கள் வேறு எவரையும்விட நன்கு அறிவர்.

1987 ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய அமைதி காக்கும் படையின் ஒட்டுமொத்தத் தளபதியாக லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங் நியமிக்கப்பட்டார். அவரது முன்னணித் தலைமையகம் சென்னையில் செயல்பட்டது. ஆனால், மூன்று படைகளுக்கும் ஒரே தலைமை என்பது பெயரளவிலேயே நின்றது. கடற்படையும் விமானப்படையும் பெரும்பாலும் தத்தம் தலைமையகங்களின் வழியாகவே இயங்கின என்பது, அந்த நடவடிக்கையைப் பற்றி ராணுவ அதிகாரிகள் பின்னாளில் எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வரும் குறை. அரசியல் தரப்பிலும் தில்லி, கொழும்புத் தூதரகம், உளவு அமைப்பு எனக் குரல்கள் பலவாக இருந்தன.

விலை கொடுத்தவர்கள் யார்? 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் மாண்டனர். அதே மாதத்தில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டனர். அதற்கான பொறுப்பு எவர் மீதும் சுமத்தப்படவில்லை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தனர். உயிரிழந்த ஈழத் தமிழர்களின் கணக்கு தனி. கட்டளைச் சங்கிலி தெளிவாக இருந்திருந்தால் இவை அனைத்தும் நேர்ந்திருக்காது என்று சொல்ல முடியாது. அரசியல் தவறுகளுக்கு ராணுவ அமைப்பு மருந்தாகாது. ஆயினும், தவறு நேர்ந்தபோது யாரைக் கேட்பது என்பதாவது தெரிந்திருக்கும்.

இங்கே ஐரோப்பிய யூனியனின் அனுபவம் ஒப்பிடத்தக்கது. 27 நாடுகள் கொண்ட அந்த அமைப்புக்குச் சொந்தமாக ஒரு படைவீரரும் இல்லை. கப்பலும் விமானமும் உறுப்பு நாடுகளுடையவை. ஆகவே, யாருக்கு யார் பதில் சொல்வது என்பதை எழுத்தில் வரையறுக்க வேண்டிய கட்டாயம் அதற்கு ஏற்பட்டது. உறுப்பு நாடுகளின் தூதர்கள் அடங்கிய அரசியல், பாதுகாப்புக் குழுவிடம் அரசியல் கட்டுப்பாடு உள்ளது. படைத் தளபதிகளின் ராணுவக் குழு ஆலோசனை கூறுகிறது. 2001-இல் அமைக்கப்பட்ட ராணுவ அலுவலகம் திட்டமிடுகிறது.

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மாலி, சோமாலியா, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகிய நாடுகளில் ராணுவப் பயிற்சி அளிக்கும் பணிகளின் தளபதிகள், களத்தையும் கவனித்துக்கொண்டு, பிரஸ்ஸல்ஸ் அலுவலகங்களுடனும் தாங்களே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2017 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் ஒரு நிரந்தரத் தலைமையகம் உருவாக்கப்பட்டு, அந்தச் சுமை களத் தளபதிகளின் தோளிலிருந்து இறக்கப்பட்டது. தொடக்கத்தில் அதற்கு ஒதுக்கப்பட்ட அலுவலர்கள் சுமார் 25 பேர் மட்டுமே. ராணுவ அலுவலகத்தின் தலைமை இயக்குநரே அதற்கும் தலைவராக்கப்பட்டார். 2022 நவம்பரில் தொடங்கிய பயிற்சிப் பணியில் 60,000-க்கும் மேற்பட்ட உக்ரைன் வீரர்கள் பயிற்சி பெற்றனர். அந்தப் பணியும் இந்தத் தலைமையகத்தின் கீழ் ஒப்படைக்கப்பட்டதுதான்.

ஆனால், போர்க்கப்பல்களை அனுப்பும் பணிகளுக்கு இன்றளவும் ஐரோப்பா உறுப்பு நாடுகளின் தலைமையகங்களையே இரவல் வாங்குகிறது. சோமாலியக் கடற்கொள்ளையருக்கு எதிரான நடவடிக்கை 2008 முதல் பிரிட்டனின் நார்த்வுட் நகரிலிருந்து நடத்தப்பட்டது. பிரிட்டன் யூனியனை விட்டு வெளியேற முடிவு செய்ததால், 2019-இல் அது ஸ்பெயினின் ரோட்டாவுக்கு மாற்றப்பட்டது. 2024-இல் தொடங்கிய செங்கடல் பாதுகாப்புப் பணி கிரேக்கத்தின் லாரிசாவிலிருந்து நடத்தப்படுகிறது. தலைமையகம் இருந்தாலும், உறுப்பு நாடு தன் கப்பலைத் தர மறுத்தால் ஏதும் நடவாது. நாடுகளின் தயக்கம்தான் ஐரோப்பாவின் பலவீனம்.

இந்தியாவில் அத்தகைய நாடுகள் இல்லை, படைகள் இருக்கின்றன. அந்தமான்-நிகோபார் தீவுகளில் 2001-இல் மூன்று படைகளுக்கும் பொதுவான முதல் தலைமையகம் அமைக்கப்பட்டது. கார்கில் போருக்குப் பின் வந்த சீர்திருத்தங்களின் பயன் அது. ஆனால், கப்பலையும் விமானத்தையும் வீரர்களையும் அங்கே தாராளமாக ஒதுக்கப் படைகள் முன்வரவில்லை. தனக்குக் கீழ் பணிபுரியும் பிற படை வீரர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம்கூடப் பொதுத் தளபதிக்குச் சட்டப்படி இல்லை. அதற்கான சட்டம் 2023-இல் நிறைவேறி, 2024 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு சிறு குறையைத் தீர்க்க 22 ஆண்டுகள் தேவைப்பட்டன.

விமானப்படையின் ஆட்சேபத்தையும் புறந்தள்ளுவதற்கில்லை. அனுமதிக்கப்பட்ட 42 போர் விமானப் பிரிவுகளுக்கு வெகு குறைவாகவே அதனிடம் உள்ளன. இருப்பதைப் பல தலைமையகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், தேவைப்படும் இடத்துக்கு விரைந்து மாற்ற முடியாது என்பது அதன் அச்சம். 2025 ஆகஸ்டில் மோவ் நகரில் நடைபெற்ற முப்படைக் கருத்தரங்கில், விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங் இதில் அவசரம் கூடாது என்று வெளிப்படையாகவே கூறினார். இது நியாயமான கேள்வி. விமானங்களை நிரந்தரமாகப் பிரிக்காமல், தேவைக்கேற்பப் பொதுத் தளபதியிடம் ஒப்படைக்கும் விதிகளை முன்கூட்டியே வகுப்பதுதான் இதற்கு விடையாக இருக்க முடியும். எதையும் மாற்றாமல் இருப்பது விடையாகாது.

கடற்பரப்புக்கான தலைமையகம் திருவனந்தபுரத்தில் அமைந்தாலும் சரி, வேறெங்கு அமைந்தாலும் சரி, மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, தன் பகுதியில் உள்ள கப்பல், விமானம், தரைப்படை மீது தளபதிக்கு ஆணையிடும் அதிகாரம் எழுத்தில் வேண்டும். இரண்டாவது, தனிச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடலோரக் காவல் படையுடனும், தமிழக, கேரள அரசுகளுடனும் புயல் நாளில் எப்படிச் செயல்படுவது என்பது முன்னரே வகுக்கப்பட வேண்டும். மூன்றாவது, பாதுகாப்பு அமைச்சர் வழியே நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் கடமை தெளிவாக இருக்க வேண்டும். ஒரே கையில் அதிகாரம் குவியும்போது, அதைக் கேள்வி கேட்கும் வாயும் வலுவாக இருந்தாக வேண்டும். ஐரோப்பாவிடமிருந்து கற்க வேண்டியது இதைத்தான்.

குழித்துறைத் தண்டவாளத்தில் அமர்ந்தவர்கள் தங்கள் வீட்டு ஆண்களைத் தேடும் பொறுப்பு யாருடையது என்று கேட்டார்கள். அடுத்த புயல் வரும் முன், அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பெயரைப் பதிலாகச் சொல்லும் நிலையில் அரசு இருக்க வேண்டும்.