அந்தச் சிறுபெண் மருந்து சொல்லவில்லை

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 5:1–14



நோயுற்றவரைச் சென்று பார்ப்பது நம் கடற்கரையோரச் சபைகளில் இன்னும் மறையாத நற்பழக்கம். ஒருவரை மருத்துவமனையில் சேர்த்த செய்தி தெருவுக்குத் தெரிந்ததும் உறவினரும் அயலாரும் சபையாரும் வந்து கட்டிலைச் சூழ்ந்து நிற்பர். வெறுங்கையோடு வருகிறவர் இல்லை. ஆரஞ்சு வரும், ஹார்லிக்ஸ் வரும். சர்க்கரை நோய்க்காகப் படுத்திருப்பவரின் தலைமாட்டில் மக்ரூன் பொட்டலத்தையும் கண்டிருக்கிறேன். இவை எல்லாவற்றையும்விட மிகுதியாக வருவது ஆலோசனை. “எங்கள் மச்சானுக்கும் இதேதான். ஒரு வேரை அரைத்துக் குடித்தார், கல் பொடிந்து போய்விட்டது” என்பார் ஒருவர். “அந்த மாத்திரை உடம்புக்குச் சூடு, பாதியாக உடைத்துப் போடுங்கள்” என்பார் இன்னொருவர். அருகில் நிற்கும் மூன்றாமவர் தமது கைப்பேசியில் வந்த ஒரு காணொளியைக் காட்டுவார்.

இந்த ஆலோசனைகளின் பின்னால் அன்பு இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. முன்பின் அறியாதவருக்கு யாரும் கஷாயம் சொல்வதில்லை. ஆயினும் சொன்னவர் வீட்டுக்குப் போய் உறங்கிவிடுகிறார். கேட்டு நடந்தவரே விளைவைச் சுமக்கிறார். மருத்துவர் எழுதிய சீட்டில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். நம் ஆலோசனையில் யாருடைய கையெழுத்தும் இல்லை. அது தவறினால் கேட்பாரும் இல்லை.

இந்த வாரத் தியானப் பகுதியில் நாகமான் என்னும் சீரிய படைத்தலைவனைக் காண்கிறோம். அவனுக்குக் குஷ்டரோகம். அவன் மனைவிக்குப் பணிவிடை செய்த சிறுபெண் இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவள். வேதம் அவள் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. அவள் தன் எஜமானியிடம் என்ன சொன்னாள் என்று கவனியுங்கள். எந்த மூலிகையையும் அவள் சொல்லவில்லை. நோய்க்குக் காரணம் கண்டுபிடித்து உரைக்கவில்லை. தன் தாய்நாட்டை அழித்தவனுக்கு இது தண்டனை என்று சொல்லவும் அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது, அதையும் சொல்லவில்லை. சமாரியாவில் இருக்கிறவரிடம் போனால் நலம் கிடைக்கும் என்று இடத்தை மாத்திரம் காட்டினாள்.

அதே அதிகாரத்தில் இன்னோர் ஆலோசனையும் உண்டு. நாம் பெரும்பாலும் அதை விரைந்து கடந்துவிடுகிறோம். யோர்தானில் ஏழுதரம் முழுகும்படி எலிசா ஆள் அனுப்பிச் சொன்னதும் நாகமானுக்குக் கோபம் மூண்டது. நோயாளியை நேரில் வந்து பார்க்காமல் வாசலிலேயே மருந்து சொல்லி அனுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? நம் மருத்துவமனை வரிசைகளில் நிற்பவர்கள் அவனுடைய மனநிலையை நன்றாகவே அறிவார்கள். தன் ஊர் நதிகள் இதைவிட மேலானவை என்று சொல்லித் திரும்பிப் போக இருந்தவனை அவனுடைய ஊழியக்காரர் பணிவாகப் பேசி நிறுத்தினார்கள். கடினமான காரியம் சொல்லியிருந்தாலும் செய்திருப்பீர்களே, இவ்வளவு எளியதைச் செய்தால் என்ன என்பதே அவர்கள் வாதம். அவர்களும் புதிய மருந்து எதையும் சொல்லவில்லை. சொல்லப்பட்டதைச் செய்ய வைத்தார்கள். போகவேண்டிய இடத்தைக் காட்டியவள் ஒருத்தி, சிகிச்சையை விட்டுவிடாமல் காத்தவர்கள் சிலர். நாகமான் பிழைத்தது இவர்களால். மருத்துவம் கற்காத நமக்கும் நோயாளியின் அருகே இவ்விரண்டு ஊழியங்களே உண்டு என்பது என் துணிபு.

நம் ஊரில் நடப்பதோ வேறு. சர்க்கரை நோயாளிக்கு நம் பகுதியில் அதிகம் வழங்கும் ஆலோசனை கருப்பட்டி. சீனியை விட்டுவிட்டு உடன்குடிக் கருப்பட்டியில் காப்பி குடித்தால் ஒன்றும் செய்யாது என்று சொல்லாத வீடு குறைவு. கருப்பட்டியை நான் குறைத்துப் பேச மாட்டேன். தேரிக்காட்டுப் பனையேறிகளின் காணிக்கையால் எழும்பிய ஆலயங்கள் இந்த மாவட்டத்தில் பல. ஆனால் கருப்பட்டியில் பெரும்பகுதியாக இருப்பது சுக்ரோஸ். சீனிக் கிண்ணத்தில் இருப்பதும் அதுவே. கருப்பட்டியில் சில தாதுக்கள் கூடுதலாக உண்டு. அதற்காக இரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் நின்றுவிடாது. ‘இது செய்யாது’ என்ற நம்பிக்கையில் ஒரு நாளைக்கு நான்கு குவளை குடிப்பவருக்குத் தீங்கு மெதுவாக வருகிறது. காலில் ஆறாத புண்ணாக, கண்ணில் மங்கலாக, சிறுநீரகத்தில் சத்தமின்றி வருகிறது. அப்போது பழி கருப்பட்டியின்மேல் விழுவதில்லை; மாத்திரையின்மேல் விழுகிறது.

உப்பளங்களின் நிலை வேறு வகையானது. வெயிலில் வரப்பில் நின்று உப்பு வாரும் பெண்கள், ஒதுங்க மறைவிடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மாலையில் இடுப்புவலி. மருந்துக்கடையில் பெயர் சொல்லாமலே வலி மாத்திரை கிடைக்கிறது. “நான் போடுவதைத்தான் இவளுக்கும் சொன்னேன்” என்பார் உடன் வேலை செய்பவர். நீர்ச்சத்து வற்றிய உடம்பில் இவ்வகை வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும். இங்கே ஆலோசனையைத் திருத்தினால் மட்டும் போதாது; அளத்தில் கழிப்பறையும் நிழலும் வேண்டும். அதைக் கேட்பதும் சபையின் வேலை என்றே கருதுகிறேன். ஆனால் அது தனியே எழுதவேண்டிய காரியம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கலங்கச் செய்வது ஒரே ஒரு சொல்: வாயு. நடுராத்திரியில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். வியர்க்கிறது. வீட்டில் உள்ளவர்கள் பயந்துபோய் ஆறுதல் தரும் விளக்கத்தைத் தேடுகிறார்கள். இரவு சாப்பிட்ட புரோட்டா அகப்படுகிறது. “வாயுதான், சோடா குடியுங்கள்” என்கிறார் ஒருவர். ஓமத்திரவம் வருகிறது, இஞ்சிச்சாறு வருகிறது, முதுகை நீவுகிறார்கள். ஓர் ஏப்பம் வந்தால் அனைவருக்கும் நிம்மதி. இதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. இதயத்துக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டால் அந்தப் பகுதித் தசை நிமிடந்தோறும் மடிந்துகொண்டே இருக்கும். மடிந்த தசை மீண்டும் உயிர்பெறாது. வலி நெஞ்சில் மட்டும் வரவேண்டும் என்பதும் இல்லை. தாடையிலும் தோளிலும் முதுகிலும் மேல்வயிற்றிலும் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில வேளைகளில் வலியே தெளிவாக இராது. மூச்சுத்திணறலும் சோர்வும் வியர்வையும் மாத்திரம் இருக்கும். வாயுவா மாரடைப்பா என்று கட்டிலருகே நின்று யாராலும் சொல்ல இயலாது. மருத்துவர்களே இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பின்புதான் பேசுகிறார்கள்.

2023-ஆம் ஆண்டு தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும், மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கொடுப்பவர்கள் பயிற்சி பெற்ற பணியாளர்கள். இதை வாசித்துவிட்டு வீட்டு அலமாரியில் வாங்கி வைத்துக்கொண்டு அயலாருக்கு வழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவ்விதம் செய்யக்கூடியவர்கள் நம் சபையில் உண்டு. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடுகிறது. அந்த மூன்று எண்களை அழுத்தச் சொல்வதே அந்த இராத்திரியில் நாம் கொடுக்கக்கூடிய நல்ல ஆலோசனை.

நாட்டு மருந்தை நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் மருத்துவர்களை உருவாக்கி வருகிறது. அங்கே படித்த ஒருவர் நாடி பார்த்து, வயதைக் கேட்டு, ஏற்கெனவே என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று விசாரித்துத் தருவது வைத்தியம். வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பு உங்கள் வயதைக் கேட்பதில்லை.

போதகன் என்ற முறையில் நான் பேசியாகவேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. நம் ஆராதனைகளிலும் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் சாட்சி நேரத்தில், “மாத்திரையை விட்டுவிட்டேன், ஆண்டவர் சுகம் தந்தார்” என்று சிலர் எழுந்து சொல்கிறார்கள். சபை அல்லேலூயா சொல்கிறது. பின்வரிசையில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு தாயார் அமர்ந்திருக்கிறார். தம் விசுவாசம் குறைவுள்ளது என்று அவர் எண்ணுகிறார். அடுத்த வாரம் ஊசியை நிறுத்துகிறார். யாரும் அவரிடம் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் சபை முழுவதும் சேர்ந்து சொல்லியிருக்கிறது. இன்சுலின் இன்றியமையாத ஒருவர் அதை நிறுத்தினால் சில நாட்களுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். இவ்வகைச் சாட்சிக்கு, மருத்துவர் பரிசோதித்துச் சொன்ன பின்னரே இடம் தரவேண்டும் என்பது என் தெளிவான கருத்து. ஆண்டவர் சுகமாக்கிய குஷ்டரோகியைக்கூட ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கும்படிதானே அனுப்பினார்?

இதற்கு எதிராக ஆசா இராஜாவை எடுத்துக்காட்டுவார்கள். கால்களில் கொடிய வியாதி வந்தபோது அவன் வைத்தியர்களை நாடினான் என்று 2 நாளாகமம் 16-ஆம் அதிகாரம் குறைகூறுவது உண்மையே. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். கர்த்தரை நம்பாமல் சீரியாவின் ராஜாவுக்குப் பொன்னும் வெள்ளியும் அனுப்பினான். கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் போட்டான். நோயிலும் கர்த்தரைத் தேடாமல் போனான் என்பதே அவன்மேல் சுமத்தப்பட்ட குற்றம்; வைத்தியனிடம் போனதன்று. எசேக்கியாவுக்கோ, சுகம் தருவேன் என்ற வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாவே பிளவையின்மேல் அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னார்.

நம் கடற்கரையின் வரலாறும் இவ்விரண்டையும் பிரித்து வைக்கவில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரை நோயாளிகளின் வீடுகளுக்கு ஓயாமல் அழைத்தார்கள். எல்லா இடங்களுக்கும் போக இயலாமல், ஜெபம் கற்ற சிறுவர்களை அவர் அனுப்பிவைத்தார். தம் கடிதத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் இக்கரையில் நெடுங்காலம் உழைத்து, 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் அச்சுநூலைத் தந்த அண்டிரிக் அடிகளார், புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார். சிறுவர்களின் ஜெபம் போதாது என்று அவர் கருதினார் என்றோ, ஜெபத்தைக் கைவிட்டார் என்றோ சொல்ல ஆதாரம் இல்லை. நம் நாசரேத்திலும் 1870-இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஸ்டிராக்கன் குருவானவராகவும் மருத்துவராகவும் இருந்தார். அவருக்குப் பின் வந்த மர்காஷியஸ் ஐயரும் மருந்துப்பெட்டியோடு ஊழியம் செய்தவரே. அங்கு நிற்கும் மருத்துவமனைக்குப் பரிசுத்த லூக்காவின் பெயர் இருப்பது தற்செயலன்று.

பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகச் சொன்ன ஆலோசனையைச் சிலர் சிரித்துக்கொண்டே எனக்கு நினைவூட்டுவதுண்டு. அது அடிக்கடி பலவீனப்பட்ட, தாம் மகனைப்போல் அறிந்த ஒருவருக்கு, கொஞ்சம் என்ற அளவோடு சொல்லப்பட்டது. ஞாயிறு மாலைக்குப் பொருந்தும் பொது அனுமதி அன்று. அதே பவுல் துரோப்பீமுவை நோயுற்றவனாக மிலேத்துவில் விட்டுவந்ததையும் எழுதுகிறார். அவன் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் எழுதவில்லை.

மக்கள் ஏன் அயலாரிடம் கேட்கிறார்கள் என்பதையும் நாம் நேர்மையாகப் பார்க்கவேண்டும். மருத்துவமனைக்குப் போனால் அரை நாள் கூலி போகும். தனியார் மருத்துவமனையாயின் நகை போகும். மருத்துவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை; பக்கத்து வீட்டு அக்காள் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெரும்பாடுள்ள ஸ்திரீ தன் ஆஸ்தியெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்தும் வருத்தம் அதிகப்பட்டதாக மாற்கு எழுதுகிறார். லூக்கா அதே செய்தியைச் சற்று மென்மையாக முடித்துக்கொள்கிறார். தம் தொழிலார்மேல் அவருக்குக் கரிசனம் இருந்திருக்கலாம். அந்த அக்காள் கேட்பதை நிறுத்தவேண்டாம். கேட்டு முடித்ததும், “நாளைக் காலை நானும் கூட வருகிறேன், சீட்டை எடுத்து வையுங்கள்” என்று சொன்னால் போதும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். அதை வாங்கி டப்பாவில் சேர்த்துவைக்கும் முதியவர்களிடம், இன்று போட்டீர்களா என்று கேட்க ஒருவர் வேண்டும்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தாள் தரப்படும். தனியே வசிக்கும் முதியவர்கள் யார், நம் சபையில் செவிலியர்கள் யார், இராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினாலும் புறப்படக்கூடிய ஆட்டோவோ காரோ யாரிடம் இருக்கிறது என்று அதில் எழுதித் தாருங்கள். வாகனச் சொந்தக்காரர் கப்பலுக்கோ வெளியூருக்கோ போயிருக்கும் நாட்களில் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.