விமானம் ஏறும் முன்பே ஏறிவிடும் வட்டி



சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, திருவான்மியூரில் சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் பிரிட்டனிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். முதுகலை படிக்கச் சென்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பெட்ரோல் நிலையத்தை ஒட்டிய கடை ஒன்றில் பகுதிநேர வேலை கிடைத்திருந்தது. பாலும் ரொட்டியும் விற்கும் கையாலேயே மதுப் புட்டிகளையும் விற்க வேண்டும். “ஹஸ்ரத், இது கூடுமா?” என்று கேட்டார். “கூடாது தம்பி, வேறு வேலை பார்” என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “விட்டுவிடுகிறேன் ஹஸ்ரத். ஆனால் அடுத்த மாதம் அத்தா கட்ட வேண்டிய வட்டிக்கு நான் என்ன செய்வது?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் புறப்பட்ட நாளில் அவர் வீட்டில் துஆ ஓதியவன் நான். அவருடைய ஈமானைப் பாதுகாக்கும்படி அல்லாஹ்விடம் கையேந்தினேன். இந்தப் பயணத்திற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் நம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். அங்கே ஹலால் இறைச்சி கிடைக்குமா? பள்ளிவாசல் அருகில் உண்டா? ஜும்ஆவுக்கு விடுவார்களா? நல்ல கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் விடை எளிது. பிரிட்டனின் முஸ்லிம் மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1963-லேயே தொடங்கப்பட்டது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தொழுகைக்கு இடம் உண்டு. லெஸ்டரிலும் பர்மிங்காமிலும் ஹலால் கடைகளுக்குப் பஞ்சமில்லை. டிசம்பர் மாதத்தில் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் நான்கைந்து மணி நேரத்துக்குள் நெருங்கி வரும். சில வாரங்களில் அதுவும் பழகிவிடும். நம் பிள்ளையைத் தடுமாற வைப்பது அந்நிய மண்ணின் பண்பாடு அன்று. நாம் இங்கிருந்து அவன் முதுகில் ஏற்றி அனுப்பிய வட்டிக் கடனே அவனைத் தடுமாற வைக்கிறது.

கணக்கைப் பாருங்கள். அங்கே பட்டப்படிப்பு மாணவர் பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. மாதம் முழுவதும் உழைத்தாலும் ஏறத்தாழ 1,060 பவுண்டு. லண்டனுக்கு வெளியே ஒரு மாணவர் வாழ மாதம் 1,136 பவுண்டு வேண்டும் என்று அந்த அரசே அவ்வாண்டுத் தொடக்கத்தில் விசா விதியில் எழுதியது. வாழ்வதற்கே போதாத வருமானத்தில் வட்டிக்கு ஏது மிச்சம்? ஆகவே அவன் சட்டத்தை மீறிக் கூடுதல் நேரம் உழைக்கிறான். அல்லது ஹராமான வேலையை விட முடியாமல் நிற்கிறான். அத்தா கேட்டால் “நலமாக இருக்கிறேன்” என்கிறான். நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாவல் தேடினார்கள் என்றும், கடன்பட்டவனைப் பொய்யும் வாக்குமீறலும் பற்றிக்கொள்கின்றன என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம் என்றும் புகாரியில் பதிவாகியுள்ளது. அதன் பொருளை அந்த இரவில்தான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

பொய் அங்கே தொடங்குவதுமில்லை. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விசா விதி. பணம் இல்லாத குடும்பத்துக்கு, அந்த நாட்களுக்கு மட்டும் வட்டிக்கு வாங்கிக் கணக்கில் ‘காட்டும்’ வழியைச் சொல்லித்தரும் முகவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் தலையசைத்துவிட்டு, விமான நிலையத்தில் பிள்ளையிடம் “தொழுகையை விட்டுவிடாதே” என்கிறோம்!

“படிப்பு முடிந்தால் வேலை, வேலை கிடைத்தால் ஓராண்டில் கடன் தீரும்” என்பார்கள். படித்தபின் அங்கே தங்கி வேலை தேட இதுவரை இரண்டாண்டு அனுமதி இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதங்களாகச் சுருங்குகிறது. அதன்பின் திறன்சார் பணியாளர் விசா பெறுவதற்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டு ஆக்கப்பட்டது. புதிய பட்டதாரிகளுக்குச் சலுகை உண்டு என்றாலும் அதுவும் எளிதில் எட்டும் தொகை அன்று. விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. வட்டி மட்டும் மாறாமல் வளர்கிறது.

“நிர்ப்பந்தம் ஹஸ்ரத், மார்க்கத்தில் இடமிருக்கிறதே” என்பார்கள் சிலர். உயிர் காக்கும் நிலைக்குரிய சலுகையை ஓராண்டு முதுகலைக்கு நீட்டலாமா? ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் நம் வீட்டிலிருந்து பேருந்தில் செல்லும் தொலைவில் உள்ளன; டைடல் பூங்காவுக்கு நடந்தே போகலாம். வேறு சிலர் சீனா சென்றேனும் கல்வி கற்கச் சொல்லும் பிரபலமான செய்தியை எடுத்து வைப்பார்கள். ஹதீஸ் கலை அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஏற்றாலும், வட்டிக்கு வாங்கிச் செல்லும்படி அதில் இல்லை. கல்விக்காகப் பயணம் செய்வது நம் முன்னோரின் வழி. இமாம் புகாரியின் வாழ்வே அதற்குச் சான்று. நான் பயணத்தை எதிர்க்கவில்லை. அல்பகரா அத்தியாயம் அத்தனை கடுமையாகத் தடுத்த ஒன்றைப் பயணச் சீட்டாக ஆக்குவதை எதிர்க்கிறேன்.

வழியில்லாமல் இல்லை. செவனிங், எராஸ்மஸ் முண்டுஸ் போன்ற உதவித்தொகைகள் உண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை மட்டும் முன்னரே காட்ட வேண்டும். இவற்றுக்கு ஈராண்டு முன்பே உழைக்க வேண்டும். முகவரின் அவசரத்துக்குப் பணியக் கூடாது. சேர்த்து வைத்த பணத்தில் போக முடியவில்லையென்றால், இங்கே இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

சமுதாயமும் பதில் சொல்ல வேண்டும். 1951-இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும், அதே ஆண்டில் சென்னையில் புதுக்கல்லூரியையும், 1984-இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியையும் எழுப்பியவர்கள் நம் வணிகர்கள். அவர்களின் வாரிசுகளாகிய நாம், வலீமா விருந்துக்கு இலட்சங்களைக் கொட்டுகிறோம். ஒரு மாணவனுக்குக் கர்ளன் ஹஸனா கொடுக்க மஹல்லாவில் நிதி இல்லை என்கிறோம். படித்து வேலைக்குச் சென்றவர் திருப்பிக் கொடுக்க, அந்தப் பணம் அடுத்த மாணவருக்குப் போகும்படி ஒரு நிதியை ஒவ்வொரு ஜமாஅத்தும் தொடங்கலாம். ஏற்கெனவே கடனில் மூழ்கியவர்களை மறக்க வேண்டாம்: ஸகாத் பெறுவோரில் கடன்பட்டவர்களும் ஒரு பிரிவினர். வேலை கிடைக்காமல் திரும்பி வரும் பிள்ளையைத் ‘தோற்றவன்’ என்று பேசும் நாவுகளும் அடங்கட்டும். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே பலர் அங்கே ஹராமில் நீடிக்கிறார்கள்.

இறுதியாக, என்னைப் போன்ற ஆலிம்களுக்கு. இனி வழியனுப்பு துஆவுக்கு அழைத்தால், கையேந்தும் முன் ஒரு கேள்வி கேட்போம்: “இந்தப் பணம் எப்படி வந்தது?” அவ்வீட்டார் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நான் அன்றே கேட்டிருந்தால், அந்தத் தம்பி அந்த இரவில் என்னிடம் கேட்க வேண்டி வந்திருக்காது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் வருவாயிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.