மூத்தாப்பாவின் எயார் ரைபிள்

சென்ற மாதம் இப்பகுதியில் பழைய தையல் மெஷினைத் துப்புரவாக்கும் முறைபற்றி எழுதியிருந்தோம். அதனை வாசித்த சகோதரி ஒருவர் இன்னொரு பழைய இரும்பைப் பற்றிக் கேட்டு எழுதியுள்ளார். மூத்தாப்பா மௌத்தாகிப் பல வருடங்களுக்குப் பின் வீட்டுப் பரணை ஒழுங்குபடுத்தியபோது, சாக்கினால் சுற்றிய எயார் ரைபிள் ஒன்று கிடைத்ததாம். பதினான்கு வயது மகன் அதைத் திருத்தித் தரும்படி தினமும் கரைச்சல் கொடுக்கிறானாம். "எறிவதா, விற்பதா, திருத்துவதா?" என்று கேட்கிறார் அச்சகோதரி.

மூன்றில் எதைச் செய்வதானாலும், கையில் இருப்பது என்னவென்று முதலில் தெரிய வேண்டும். வெடிமருந்து இல்லாத காரணத்தால் பலர் இதனை விளையாட்டுச் சாமானாகவே நினைக்கிறார்கள். அந்த நினைப்புத்தான் ஆபத்தானது.

இதன் உள்ளே தடித்த ஸ்பிரிங் ஒன்றும், அதன் முன்னால் பிஸ்டன் ஒன்றும் உள்ளன. துவக்கின் குழாயை அல்லது நெம்புகோலை மடக்கும்போது ஸ்பிரிங் இறுகிப் பின்னால் கொளுவிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டு, பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை நெருக்க, அந்தக் காற்று சிறு துவாரம் வழியாகப் பாய்ந்து ஈயக் குண்டை வெளியே தள்ளுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு அடித்துப் பார்த்தால் அந்தக் காற்றின் பலம் ஓரளவு விளங்கும். பம்பில் கை செய்யும் வேலையை இங்கே ஸ்பிரிங் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் செய்துவிடுகிறது. அந்தக் குண்டு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். உயிரையும் பறிக்கக் கூடும்.

எனவே பரணிலிருந்து இறக்கும்போதே, குண்டு போட்டு ஆயத்தமாக உள்ள துவக்கு என்று எண்ணியே அதைக் கையாளுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள். விசையில் விரல் படக் கூடாது. வாய்ப்பக்கம் மணல் மூட்டையை நோக்கியே இருக்கட்டும். குழாயை மடக்கிப் பார்க்கும்போது ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ஏதுமின்றி இலகுவாக இறங்கினால், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அல்லது யாரோ பல வருடங்களுக்கு முன் இறுக்கிய ஸ்பிரிங் இன்னும் விடுபடாமல் நிற்கலாம். இந்த நிலையில் அதை மேலும் நோண்டாமல், துவக்குத் திருத்தத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே புத்தி.

அடுத்தது, அது எந்த ஊர்ச் சாமான் என்று கண்டுபிடிப்பது. மெல்லிய துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். தேய்ந்த எழுத்துக்கள் சரிந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.

மூன்று துவக்குகளைச் சாய்த்து ஒன்றோடொன்று நிறுத்தியது போன்ற சின்னம் இருந்தால் அது பீ.எஸ்.ஏ. ஆகும். பீ.எஸ்.ஏ. சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் அறியாதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அந்தப் பெயரின் விரிவு 'பர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள்' என்பது பலருக்குத் தெரியாது. 1861ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துத் துவக்குத் தொழிலாளர்கள் கூடி ஆரம்பித்த கம்பனி அது. அதே நகரைச் சேர்ந்த லிங்கன் ஜெஃப்ரீஸ் என்பவர் 1904இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த எயார் ரைபிளை, 1905 முதல் அக்கம்பனி தயாரித்தது. குழாய் அசையாமல் நிற்க, அடியிலுள்ள நெம்புகோலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்குவது இதன் அமைப்பு. குண்டு போடுவதற்குத் தண்ணீர்ப் பைப்பைப் போலத் திருகும் சிறு 'டெப்' ஒன்று மேலே இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்திற்கு முந்திய பீ.எஸ்.ஏ. துவக்குகளில் 1 அல்லது 2 என்ற இலக்கம் குத்தப்பட்டிருக்கும். அது மொடலின் இலக்கமல்ல, குண்டின் அளவு. 1 என்றால் 4.5 மில்லிமீற்றர், 2 என்றால் 5.5 மில்லிமீற்றர். 1948இல் வந்த 'எயார்ஸ்போட்டர்', 1959இல் வந்த 'மீற்றியோர்' ஆகியன யுத்தத்திற்குப் பிந்தியவை.

ஒரு பெண் துவக்கை மேலே உயர்த்திப் பிடித்திருக்கும் சின்னம் இருந்தால் அது 'டயானா'. ஜேர்மனியின் ராஸ்டாட் நகரில் 1890இல் ஆரம்பிக்கப்பட்ட கம்பனியின் சின்னம் அது. ஆனால் டயானா என்ற பெயரை மட்டும் வைத்து ஜேர்மன் சாமான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. யுத்தத்தில் ஜேர்மனி தோற்றபின், நட்ட ஈடாக அந்தக் கம்பனியின் மெஷின்களும் பெயரும் பிரிட்டனுக்குப் போயின. ஸ்கொட்லாந்தின் 'மில்ப்ரோ' கம்பனி அதே பெயரில் துவக்குகள் செய்தது. மீண்டும் தொழில் தொடங்கிய ஜேர்மன்காரர்கள், பிரிட்டனில் தங்கள் சாமானை 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்க வேண்டியதாயிற்று. ஆகவே பெயர், செய்த நாடு, தொடர் இலக்கம், குண்டின் அளவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உதிரிப்பாகம் தேடவும் விலை மதிக்கவும் அந்தத் தாள்தான் உதவும்.

இனித் துப்புரவு வேலை. வெளிப்புறம் மட்டுமே வீட்டில் செய்யக்கூடியது. தையல் மெஷின் எண்ணெயைத் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, மிக மெல்லிய இரும்புத் தும்பினால் அழுத்தாமல் தேய்த்தால் மேல் துரு எழும்பி வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் நீலங்கலந்த கறுப்பு மெருகும் குத்தப்பட்ட எழுத்துக்களும் அழிந்துபோகும், விலையும் போய்விடும். பெயின்ட் அடிப்பதும் அப்படித்தான். மரப்பகுதியை ஈரம் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட்டு, லின்சீட் எண்ணெயைச் சிறிதளவு பூசலாம். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றும் இயல்புள்ளது. வெளியில் விரித்துக் காயவிட்ட பின்பே வீச வேண்டும்.

உட்புறத்தில் கை வைக்க வேண்டாம். துவக்கு ஆயத்தமாக இல்லாதபோதும் ஸ்பிரிங் ஓரளவு இறுகியே இருக்கும். உரிய இறுக்கிக் கருவி இல்லாமல் கழற்றினால் அது பாய்ந்து முகத்தைக் காயப்படுத்தும். பிஸ்டன் தலையிலுள்ள தோல் வொஷர் காய்ந்து சுருங்கியிருப்பதே பழைய துவக்குகள் பலமிழப்பதற்குப் பெரும்பாலும் காரணம். அதற்கென்று கண்ட எண்ணெயைத் துவாரத்தில் ஊற்றக் கூடாது. நெருங்கிய காற்றின் சூட்டில் மெல்லிய எண்ணெய் வெடிப்பது போல் எரிந்து, ஸ்பிரிங்கையும் வொஷரையும் பாழாக்கிவிடும். வொஷர் மாற்றுவதும் ஸ்பிரிங் மாற்றுவதும் தெரிந்தவரின் வேலை.

மேலும் மூன்று விஷயங்களை ஆண்பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். குண்டு இல்லாமல் அடித்தால் பிஸ்டன் நேரே போய் இரும்பில் மோதி உடையும். மடக்கிய நிலையில் விசையை இழுத்தால் குழாய் அறைந்து மூடி விரலை முறிக்கும். குண்டு ஈயத்தாலானது, வாயில் போடக் கூடாது. தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது.

இனி அந்த மகனின் ஆசைக்கு வருவோம். சிறு கல்லை விரலிடுக்கில் வைத்துச் சுண்டி எறிவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரழி) அறிவிக்கிறார்கள். அது வேட்டைக்கும் உதவாது, எதிரியையும் வீழ்த்தாது, ஆனால் பல்லை உடைக்கும், கண்ணைக் கெடுக்கும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சுண்டி எறியும் கல்லுக்கே இந்த எச்சரிக்கை என்றால் ஸ்பிரிங்கின் பலத்தோடு வரும் ஈயக் குண்டுக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! உயிருள்ள பிராணியை இலக்காக நிறுத்தி எய்வதும், சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதும் ஹதீஸ்களில் வன்மையாகக் கண்டிக்கப்பட்டுள்ளன. பகிடிக்கு நீட்டினாலும் குற்றம் குற்றந்தான்.

"புறா அடித்துக் கறியாக்கலாமே" என்பார்கள் சிலர். அடிபட்டுச் செத்த பிராணி ஹராம் என்பது ஸூரத்துல் மாயிதாவின் மூன்றாம் வசனத்தில் வருகிறது. உருண்டைக் குண்டு பட்டு இறந்ததை ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் இந்த வகையிலேயே சேர்க்கிறார்கள். உயிர் இருக்கும்போது பிடித்து முறைப்படி அறுத்தால்தான் அது சட்டிக்கு வரலாம். அத்தோடு நமது நாட்டில் பெரும்பாலான பறவைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆகவே சகோதரியே, எறிய வேண்டாம். எறிந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கைக்குத்தான் போகும். விற்பதற்கோ திருத்துவதற்கோ முன், வீட்டு ஆண்களை அந்தத் தாளுடன் ஊர்ப் பொலிஸ் நிலையத்திற்கு அனுப்பி, வைத்திருக்க அனுமதி தேவையா, என்ன ஒழுங்கு என்று கேட்டுவரச் சொல்லுங்கள். ஒழுங்கு சரியானால், வெளியைத் துப்புரவாக்கி ஞாபகப் பொருளாக வைக்கலாம். சாக்கோ துணியோ சுற்ற வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். ஸ்பிரிங்கை இறுக்காத நிலையில், பூட்டிய அலுமாரியில் துவக்கும், வேறிடத்தில் குண்டும் இருக்கட்டும். திறப்பு உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

மகனையும் வெறுங்கையோடு விட்டுவிடாதீர்கள். எழுத்துக்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும், துருவை எடுப்பதும், மரத்துக்கு எண்ணெய் பூசுவதும் உங்கள் கண்முன்னே அவன் செய்யட்டும். மூத்தாப்பாவின் சாமானைப் பேணத் தெரிந்த பிள்ளைக்கு, அதைப் பூட்டி வைப்பது ஏன் என்பதும் இன்ஷா அல்லாஹ் விளங்கும்.