முதல் மாட்யூலும் பிழைச் செய்தியும்

1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல், இன்று பல வடிவங்களில் உலகெங்கும் வழங்குகின்றது. சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் அவற்றுள் ஒன்று. இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலோடு, கம்ப்யூட்டரை நிறுத்தாமலே சேர்க்கவும் நீக்கவும் கூடிய நிரற்பகுதியே மாட்யூல் எனப்படும். மாணவர் எழுதும் முதல் மாட்யூல் சில வரிகளே கொண்டது: சேரும்போது ஒரு வாழ்த்தும், நீங்கும்போது ஒரு விடையும் பதிவு செய்வதன்றி வேறொன்றும் செய்யாது. எனினும், மாணவர் பலர் தடுமாறி நிற்பது இவ்விடத்தில்தான்.

அவ்வேளையில் ஆசிரியர் ஆயத்தமான விடையைக் கொடுத்துவிடுவது எளிது. ஆனால் அது நன்மையன்று. சாதாரண நிரல் பிழைபட்டால் அது மட்டுமே நின்றுபோகும். மாட்யூல் பிழைபட்டாலோ யந்திரம் முழுவதுமே நின்றுவிடக்கூடும், கோப்புகளும் சேதமுறக்கூடும். ஆதலின், தொகுக்கும்போது எழும் பிழைச் செய்தியை இடையூறாகக் கருதாமல் காவலாகக் கருதுவதே முறை.

அக்காவல் கூறுவதைச் சில உதாரணங்களால் அறியலாம். தொகுப்பை நடத்தும் 'மேக்' என்னும் கருவியை 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அமைத்தார். அதன் கட்டளை வரி 'டேப்' குறியுடன் தொடங்கவேண்டும். பிரதி செய்கையில் அது வெற்றிடங்களாக மாறிவிட்டால் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்ற செய்தி தோன்றும். 'பில்ட்' என்னும் அடைவு இல்லை என்ற செய்தி வந்தால், இயங்கும் கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் நிறுவப்படவில்லை என்பது பொருள். 'யூநேம்' கட்டளை காட்டும் பதிப்பெண்ணுக்கு இசைந்த கோப்புகளையே நிறுவுதல் வேண்டும்.

பழைய பாடநூலைப் பின்பற்றுவோர்க்கு மற்றொரு தொல்லை உண்டு. கெர்னலின் உள்ளிணைப்புகள் நிலையானவை அல்ல. 'கிளாஸ் கிரியேட்' என்னும் செயற்கூறு 2023-இல் வெளியான 6.4 பதிப்பில் ஓர் உள்ளீட்டை இழந்தது. அதன் பின்னர், பழைய நூலின் வரியை அப்படியே எழுதினால் உள்ளீடுகள் மிகுதி என்று தொகுப்பான் மறுக்கும். நூல் தவறன்று, காலம் கடந்தது, அவ்வளவே.

உரிம அறிவிப்பை விட்டுவிட்டால் இக்காலத்துப் பதிப்புகளில் தொகுப்பே தடைப்படும். தடை நீங்கினாற்போதும் என்று பொருளறியாமல் 'ஜி.பி.எல்.' என்று எழுதிவிடுவது தகாது. அது சட்டப் பொருளுடைய உறுதிமொழி.

தொகுப்பு முடிந்தும் 'இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று மறுக்கப்பட்டால், மாட்யூல் வேறொரு கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டிருத்தல் கூடும். இதற்கு ஒரு 'வலிந்து சேர்க்கும்' வழி உண்டு என்று சிலர் காட்டுகின்றனர். காவலனைக் கட்டிவைத்துவிட்டு வீட்டினுள் நுழைவதற்கு ஒப்பான செயல் அது. உரிய ஹெடர்களைக் கொண்டு மறுபடியும் தொகுப்பதே நேர்வழி. 'செக்யூர் பூட்' காரணமாக மறுக்கப்பட்டாலும், அதனை அணைப்பதைவிடத் தமக்குரிய சாவியைப் பதிந்து மாட்யூலில் கையொப்பமிடப் பழகுவது மேல்.

ஆகவே ஆசிரியர்கள் கடைப்பிடிக்கத்தக்க முறை இதுவாகும். அலுவலகக் கம்ப்யூட்டரில் அன்றி, தனித்த மெய்நிகர் யந்திரத்தில் பயிற்சி நடைபெறட்டும். மாட்யூல் ஒருமுறை சரியாக இயங்கி, அதன் வாழ்த்து கெர்னல் பதிவேட்டில் காணப்பட்ட பின்னர், டேப் குறியை ஒருமுறை, உரிம வரியை ஒருமுறை என நீக்கி, எழும் செய்தியை மாணவரே குறிப்பேட்டில் எழுதட்டும். பல செய்திகள் ஒருங்கே வந்தால் முதற் செய்தியையே முதலில் ஆராயட்டும். பின்னவற்றுள் பல அதன் விளைவுகளேயாம்.

பிழையின்றித் தொகுத்தவர் ஒரு மாட்யூலைப் பெற்றார். பிழையைப் படித்துத் திருத்தியவரோ, அடுத்த பதிப்பு வெளியாகும்போதும் பயன்படும் அறிவைப் பெற்றார்.