தீட்டத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா கத்தி?

சிதம்பரத்துல சொந்தக்காரக் கல்யாணம். மண்டபத்து வாசல்ல வாழைமரம் கட்டிக்கிட்டு இருந்தாங்க. கயிறு அறுக்கக் கத்தி வேணும். நம்ம மச்சினன் இடுப்புல கிளிப் போட்டு மாட்டியிருந்த கத்தியை எடுத்து, ‘டக்’குனு சத்தத்தோட விரிச்சான். கறுப்பு அலகு, சினிமா வில்லன் கைல இருக்கற மாதிரி ஒரு பிடி. பாத்தவங்க எல்லாம் ரெண்டடி தள்ளி நின்னாங்க.

அறுத்தான், அறுத்தான்... சணல் கயிறு நார் நாரா பிரிஞ்சுதே தவிர அறுந்த பாடில்லை.

நான் சட்டைப்பையில இருந்து என்னோட ரெண்டரை அங்குல மடக்குக் கத்தியை எடுத்தேன். ஒரே இழு. முடிஞ்சுது. அதுக்கு அவன் சொன்னதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்: “என்ன மாமா, துருப்பிடிச்ச மாதிரி இருக்கு, இதெல்லாம் ஒரு கத்தியா?”

சரிடா தம்பி, எது கத்தின்னு பேசிடுவோம்.

என் கட்சி இதுதான். தினமும் பையில வச்சுக்கற கத்திக்கு ஒரே ஒரு தகுதி போதும்: அதை நீயே, உன் வீட்டுல, கைக்குக் கிடைக்கிற கல்லுல தீட்ட முடியணும். பிராண்ட், பூட்டு, கிளிப், எத்தனை கருவி உள்ளே இருக்கு, இதெல்லாம் அப்புறம். தீட்ட முடியாத கத்தி நகை மாதிரி. பீரோவுல வைக்கலாம்.

இந்தப் புத்தி எனக்குப் பொறக்கும்போதே வந்துடல. தானே புயல் குடுத்தது.

2011 டிசம்பர் 30 விடியக்காலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. கடலூர்ல இருந்து பண்ருட்டி போற பக்கம் எங்க ஊரு. முந்திரி, பலான்னு நின்ன தோப்பு முழுக்க படுத்துக் கிடந்துச்சு. எங்க மாட்டுக் கொட்டகை மேல ஒரு பலாமரம். உள்ளே பசுவும் கன்னும். பசு விழுந்ததுல கழுத்துல இருந்த நைலான் கயிறு இறுகிப் போச்சு. அருவா எல்லாம் கொட்டகை ஓரத்துல சொருகி வச்சது, கூரைக்கு அடியில மாட்டிக்கிச்சு.

என்கிட்ட கத்தி இருந்துச்சு சார். பன்னெண்டு கருவி உள்ள, காசு குடுத்து வாங்கின கத்தி. வாங்கின நாள்ல இருந்து பார்சல் பிரிச்சுப் பிரிச்சு மழுங்கினது. ஒரு நாள்கூடத் தீட்டினதில்ல. நைலான் மேல வழுக்கிக்கிட்டே போகுது. மாடு இழுத்து இழுத்து மூச்சு விடுது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓடி வந்தார். அவர் இடுப்பு வேட்டியில சொருகி வச்சிருந்தது ஆக்சா பிளேடை உடைச்சு, தேய்ச்சு, சைக்கிள் டியூப் சுத்தின கத்தி. கடையில போட்டா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டான். ரெண்டு இழுல கயிறு அறுந்துச்சு. பசு பொழைச்சுது. கன்னுக்குப் போறதுக்குள்ள நேரமாயிடுச்சு.

அப்புறம் அவர்கிட்ட கேட்டேன். “தெனமும் சாயங்காலம் தொவைக்கற கல்லுல நாலு இழுப்பு இழுப்பேன் தம்பி, அவ்ளோதான்”ன்னார்.

அந்தக் கத்தியில குத்தமில்ல. குத்தம் என்னுது. அதனாலதான் இவ்ளோ வேகமா எழுதறேன்.

நிற்க. கொஞ்சம் இரும்பு விஷயம் பேசுவோம். ஸ்டெயின்லெஸ்னு சொல்லணும்னா குறைஞ்சது பத்தரை சதவீதம் குரோமியம் வேணும். துருப்பிடிக்காது, வாஸ்தவம். ஆனா இப்ப பெருமையா விக்கிற சில விலை உசந்த ஸ்டீல்ல வனேடியம் நிறைய போட்டிருக்கான். அதோட துகள், சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கெட்டி. ஒழுங்காத் தீட்டணும்னா வைரத்தூள் ஒட்டின தகடு வாங்கணும். கார்பன் ஸ்டீலுக்கு அந்த வம்பே இல்ல. கல்லு இல்லாட்டி பீங்கான் கப்பைக் கவுத்து, அடியில மெருகு இல்லாத வளையத்துல தேய்ச்சாக்கூட கூர் ஏறிடும்.

சுவிஸ் கத்தியோட எனக்குச் சண்டை இல்ல. 1897ல கார்ல் எல்சனர் பதிவு செஞ்ச அந்த ஆபீசர் கத்தியோட வாரிசுகள் ஸ்டெயின்லெஸ்தான். ஆனா சாதாரணக் கல்லுக்கே மடங்கும். வச்சிருக்கறவன் தீட்டறானா, அதான் கேள்வி.

“உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல கார்பன் ஸ்டீலா?”ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. தேவனாம்பட்டினத்துல கடலுக்குப் போறவங்க ஸ்டெயின்லெஸ் வச்சுக்கட்டும், அவங்களுக்கு நான் வாத்தியார் இல்ல. கரையில இருக்கற நமக்கு, தொடைச்சு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும். பலாப்பழம் அறுக்கும்போது பால் ஒட்டாம இருக்க எப்படியும் எண்ணெய் தடவத்தானே போறோம்! கொஞ்ச நாள்ல அலகு கறுத்துடும். மச்சினன் துருன்னு சொன்னது அந்தக் கறுப்பைத்தான்.

இன்னொரு கூட்டம் இருக்கு. “நம்ம ஊர் இரும்பு எல்லாம் மட்டம், வெளிநாடுதான்”னு சொல்ற கூட்டம். கடலூர்ல இருந்து சிதம்பரம் ரயில்ல போனா நடுவுல பரங்கிப்பேட்டை வரும். ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர், 1830ல அங்கதான் இரும்பாலை ஆரம்பிச்சார். மூலப்பொருள் சேலத்து இரும்புக்கல். அந்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பல்ல போச்சு. அதே ஹீத் 1839ல, உருக்குல மாங்கனீசு சேர்க்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டுல உருக்கு விலை இறங்கினது அந்த முறையாலதான். அவருக்குக் கிடைச்சது என்னவோ கோர்ட்டு வழக்குதான். ஷெஃபீல்டு முத்திரையைக் கண்ணுல ஒத்திக்கறவங்க, அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போது ஜன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பாருங்க.

கடைசியா, “கத்தி வச்சிருந்தா ரவுடி”ங்கற மகராசன்களுக்கு. 1959ம் வருஷத்துப் படைக்கலச் சட்டத்தோட விதிகள்படி, அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினாத்தான் லைசென்ஸ் பேச்சு. வீட்டு வேலை, விவசாய வேலைக்கான கத்திக்கு அதுலயும் விலக்கு. அதுக்காக அழுத்தினா பாயுற பட்டன் கத்தி வாங்காதீங்க, தில்லியில அதுக்குன்னே தனி உத்தரவு போட்டிருக்காங்க. விமானத்துல கைப்பையிலயும் வைக்காதீங்க. சின்னதா, ரெண்டு கையாலயும் நிதானமாத் திறக்கற கத்தியைப் பாத்து யாரும் பயந்து நான் பாத்ததில்ல. பந்தியில எலுமிச்சம்பழம் நறுக்க இரவல்தான் கேக்கறாங்க.

மச்சினன் கத்தியை அன்னிக்கு ராத்திரி வாங்கி, மண்டபத்துப் பின்பக்கக் கல்லுல அரைமணி நேரம் தேய்ச்சேன். கூர் ஏறல. என் கத்தியைக் குடுத்து, “நீ தேய்”ன்னேன். பத்தாவது இழுப்புல பேப்பரைச் சரசரன்னு கிழிச்சுது. பய ஒண்ணும் பேசல. கத்தியையும் இன்னும் திருப்பித் தரல. :-)